யூரோவிஷனுக்கு உங்கள் பாட்டு: எந்தக் கதவைத் தட்டுவது?

யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடையில் தங்கள் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் ஐரோப்பாவில் நம் வீடுகளிலும் வளர்ந்துவிட்டார்கள். ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் பாரிஸிலும் லண்டனிலும் பிறந்தவர்கள். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் வேறு மொழியும் பேசியபடி மடிக்கணினியில் மெட்டுப் போடுகிறவர்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்பது இதைத்தான்: ஒரு நாடு தன் பாட்டை எப்படித் தெரிவு செய்கிறது, அதற்குள் நாங்கள் எப்படிப் போவது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தப் போட்டியில் அரசாங்கங்கள் பங்கெடுப்பதில்லை. பங்கெடுப்பவை பொது ஒலிபரப்பு நிறுவனங்கள். சுவீடனுக்கு எஸ்.வி.டி., நோர்வேக்கு என்.ஆர்.கே., பின்லாந்துக்கு யூலே, சுவிற்சர்லாந்துக்கு எஸ்.ஆர்.ஜி., பிரித்தானியாவுக்கு பி.பி.சி. 1956இல் லுகானோவில் 7 நாடுகளோடு தொடங்கிய காலத்திலிருந்து இப்படித்தான். மேலே நிற்கும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், விதிகளுக்கு உட்பட்ட ஒரு பாட்டை மார்ச் நடுப்பகுதிக்குள் ஒப்படைக்கச் சொல்கிறது. அந்தப் பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்த முடிவு. மக்களிடம் விடலாம், நடுவர்களிடம் விடலாம், நாலு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்தும் முடிவெடுக்கலாம். அதனால் ஒரு நாட்டில் முதலிடம் வாங்கக்கூடிய பாட்டு பக்கத்து நாட்டில் முதல் சல்லடையிலேயே நின்றுபோகும். “என் பாட்டு நல்லதா?” என்று கேட்க முன்னர், “என் நாட்டில் இதை யார் கேட்டு முடிவு செய்யப்போகிறார்கள்?” என்று கேளுங்கள். நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

கடவுச்சீட்டைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். ஒன்றியத்தின் விதிகளில் பாடகருக்குக் குடியுரிமைக் கட்டுப்பாடு இல்லை. 1988இல் சுவிற்சர்லாந்துக்காகப் பாடி வென்ற செலின் டியோன் கனடாக்காரர். 2025இல் சுவீடனுக்காக யூரோவிஷன் நடந்த பாசல் மேடைக்குப் போன காய் குழுவின் மூவரும் பின்லாந்தின் சுவீடிஷ் பேசும் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஆனால் தேசியத் தெரிவுப் போட்டிக்கு ஒலிபரப்பு நிறுவனங்கள் சொந்த நிபந்தனைகளை வைக்கும். பாடலாசிரியர்களில் ஒருவராவது அந்த நாட்டோடு தொடர்புள்ளவராக இருக்க வேண்டும் என்பது போன்றவை. அந்த நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் போன வருடத்துப் பிரதியை நம்பி இருக்காதீர்கள்.

எந்த நாட்டுக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் அதிகபட்சம் 6 பேர். இறுதிப் போட்டி நாளில் 16 வயது நிறைந்திருக்க வேண்டும். முதன்மைக் குரல் நேரடியாகப் பாடப்பட வேண்டும். பின்னணிக் குரல்களைப் பதிவாகச் சேர்க்க 2021 முதல் அனுமதி உண்டு. அரசியல் செய்தி கூடாது. 2009இல் ஜோர்ஜியாவின் பாட்டு ரஷ்யாவின் புட்டினைக் குத்துவதாகக் கருதப்பட்டு, வரிகளை மாற்றச் சொன்னார்கள். ஜோர்ஜியா மாற்ற மறுத்து விலகியது. 2024இல் இஸ்ரேல் வரிகளை மாற்றிக்கொண்டு பங்கெடுத்தது. சொந்த மண்ணின் துயரத்தைப் பாட நினைக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தனி மனிதரின் நினைவாக, ஒரு பாட்டியின் கதையாக வரும் துயரத்துக்கு இடம் உண்டு. 2016இல் உக்ரைனின் ஜமலா தன் கொள்ளுப்பாட்டியின் நாடுகடத்தலை, கிரிமியத் தாத்தார் மொழியும் ஆங்கிலமும் கலந்து பாடி வென்றார். ஆட்சியாளரையோ கட்சியையோ பெயர் சொல்லும் வரிக்கு இடமில்லை.

இவற்றில் நம்மவர்களை அதிகம் தடுக்கி விழுத்தக்கூடியது செப்டம்பர் 1 விதி. போட்டிக்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் பாட்டு வெளியாகியிருக்கக் கூடாது. நாம் மெட்டு முடிந்த அன்றே யூடியூபில் ஏற்றிவிடுகிறோம். கோயில் விழாவிலோ கல்யாண வீட்டிலோ பாடி, அதைப் பத்துப் பேர் படம்பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் பாட்டை அடைத்து வையுங்கள். டெமோ நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக்கூடப் போக வேண்டாம்.

இதன் இன்னொரு பக்கம் பழம்பாட்டு. 2024இல் நோர்வேயின் தெரிவுப் போட்டியில் வென்ற கோட்டே குழுவின் பாட்டில் பழைய நாட்டுப்புறக் கதைப்பாட்டின் வரிகள் இருந்தன. அவை முன்பே வெளிவந்தவை என்பதால் யூரோவிஷனுக்காக வரிகளைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. தாலாட்டையோ தேவாரத்தையோ தெம்மாங்கையோ எடுத்து நவீன இசை சேர்க்க விரும்புகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ஆசிரியர் பெயர் தெரியாத பாட்டு என்பதால் அது புதிய பாட்டு ஆகிவிடாது. நாட்டுப்புறத்தின் தாளத்தையும் ஓசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வரியையும் மெட்டையும் நீங்களே எழுதுங்கள்.

இனிக் கதவுகளுக்கு வருவோம்.

மிக அகலமாகத் திறந்திருப்பது சுவீடனின் தெரிவுப் போட்டியான மெலொடிஃபெஸ்டிவாலன். கோடை முடிகிற வாரங்களில் பாட்டுகளை வாங்குகிறார்கள். 2,000க்கு மேல் வந்து சேர்கின்றன. அவற்றிலிருந்து தெரிவுக்குழு ஒரு பகுதியை எடுக்கும். இன்னொரு பகுதியை எஸ்.வி.டி.யே கலைஞர்களை அழைத்து நிரப்பும். 2025இல் 30 பாட்டுகள் ஐந்து ஊர்களில் ஐந்து சுற்றுகளாகப் போட்டியிட்டு, 12 இறுதிக்கு வந்தன. இறுதியில் பாதிப் புள்ளி பன்னாட்டு நடுவர்களுடையது, பாதி பார்வையாளர்களுடையது.

பார்வையாளர் பாதியைக் கணக்கிடும் விதத்தை நன்றாகப் படித்துவைக்க வேண்டும். செயலி வழியாக வரும் வாக்குகளை வயது வாரியாக 7 குழுக்களாகப் பிரிக்கிறார்கள். முதல் குழு 3 முதல் 9 வயது வரை. கடைசிக் குழு 75க்கு மேல். தொலைபேசி வாக்கு எட்டாவது குழு. ஒவ்வொரு குழுவுக்கும் சமமான புள்ளி. பதின்ம வயதினர் இலட்சக்கணக்கில் வாக்களித்தாலும் அவர்களால் தங்கள் குழுவின் புள்ளியை மட்டுமே தர முடியும். ஆகவே ஸ்டொக்ஹோமுக்கு அனுப்பும் பாட்டை வீட்டில் ஒரு குழந்தைக்கும் ஒரு பாட்டிக்கும் போட்டுக் காட்டுங்கள். ஒருமுறை கேட்ட பின் இருவரும் பல்லவியை முணுமுணுத்தால் அனுப்புங்கள். சானா குளியலைப் பற்றிய காய் குழுவின் பாட்டு, 2015இல் யூரோவிஷனையே வென்ற மோன்ஸ் செல்மர்லோவைத் தோற்கடித்து இப்படித்தான் மேலே வந்தது என்று நினைக்கிறேன். 1998க்குப் பிறகு சுவீடன் சுவீடிஷ் மொழியில் அனுப்பிய முதல் பாட்டு அது. பாசலில் நாலாம் இடம்.

நோர்வேயின் மெலொடி கிராண் ப்ரீ 1960இல் தொடங்கியது. அதுவும் பொது அழைப்பு விடுக்கிறது. பின்லாந்தின் யூ.எம்.கே. அளவில் சிறியது, மேடைக்கு ஏழு பாட்டுகள் வந்தாலே அதிகம். ஆனால் அந்த ஏழுக்கும் யூரோவிஷன் தரத்தில் மேடை அமைத்துக் கொடுக்கிறார்கள். 2023இல் அங்கே மக்கள் வாக்குக்கு 75 சதவீதம், பன்னாட்டு நடுவர்களுக்கு 25 சதவீதம். அங்கே வென்ற கேரியா, லிவர்பூலில் நடந்த யூரோவிஷனில் மக்கள் வாக்கில் 376 புள்ளிகளோடு முதலிடம் பெற்றார். நடுவர் புள்ளியில் பின்தங்கியதால் மொத்தத்தில் 526 எடுத்து, 583 எடுத்த சுவீடனின் லொரீனுக்கு அடுத்து வந்தார். மக்கள் தெரிவு செய்த பாட்டு மக்களிடமே அதிகம் வாங்கியது. தெரிவு முறை எப்படியோ அப்படித்தான் தெரிவாகும் பாட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

ஸ்பெயினில் 2022இல் நடந்ததையும் பாருங்கள். அந்த நாட்டுத் தெரிவுப் போட்டியான பெனிடோர்ம் ஃபெஸ்ட் முதன்முதலாக நடந்தபோது தொழில்முறை நடுவர்களுக்கு 50, மக்கள்தொகை மாதிரிக் குழுவுக்கு 25, தொலைபேசி வாக்குக்கு 25 என்று பிரித்திருந்தார்கள். தொலைபேசி வாக்கில் முன்னணியில் இருந்தவர்கள் கலீசிய மொழியில் பாடிய தங்ஷுகேய்ராஸ் பெண்கள். வென்றவர் நடுவர்களின் விருப்பமான சனெல். நாடு கொதித்தது; விவகாரம் நாடாளுமன்றம்வரை போனது. சனெல் தூரினில் நடந்த யூரோவிஷனில் மூன்றாம் இடம் பெற்று வந்தார். நடுவர்கள் சரியாகத்தான் கணித்தார்கள் என்பேன். ஆனால் நடுவர் யார், எதற்கு எவ்வளவு எடை என்பது மக்களுக்கு முன்பே தெளிவாக விளங்கியிருந்தால் ஒரு இளம்பெண் அவ்வளவு வசவு வாங்கியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் பங்கெடுக்கும் போட்டியிலும் புள்ளிப் பங்கீட்டைப் பாட்டு அனுப்பும் முன்னரே வாசித்துவிடுங்கள்.

அடுத்த வகை மூடிய கதவு. நிறுவனமே உள்ளுக்குள் தெரிவு செய்து பெயரை அறிவிக்கும். மூடிய கதவு என்றதும் மனம் தளர வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி இருக்கிறது. சுவிற்சர்லாந்து பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் போட்டி இல்லாமலே தெரிவு செய்கிறது. ஆனால் பாட்டு அனுப்பப் பொது அழைப்பு விடுக்கிறது. வந்தவற்றைப் பொதுமக்கள் 100 பேர் கொண்ட குழு ஒன்றும் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்றும் கேட்டு மதிப்பிடுகின்றன. 2024இல் நெமோ 591 புள்ளிகளோடு வென்ற பாட்டு அந்த வழியாக வந்ததுதான். அது பிறந்த இடம் சுயிசா என்ற சுவிஸ் காப்புரிமைச் சங்கம் நடத்தும் பாட்டெழுதும் முகாம். எழுதியவர்கள் நான்கு பேர். சூரிச்சிலோ பேர்ணிலோ இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு நான் சொல்லும் முதல் வேலை சுயிசாவில் சேர்வது. இரண்டாவது, அந்த முகாமில் இடம் கேட்பது. தனியாக அறையில் இருந்து எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் யூரோவிஷன் பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று மூன்று நான்கு பேர் கூடி எழுதியவை.

பிரித்தானியாவில் பி.பி.சி. பொது அழைப்பை நிறுத்தி, இசைத்துறை நிறுவனங்களோடு சேர்ந்து தெரிவு செய்கிறது. 2021இல் ஒரு புள்ளியும் வாங்காத நாடு அடுத்த ஆண்டே சாம் ரைடர் மூலம் 466 புள்ளிகளோடு இரண்டாவதாக வந்தது. அவர் டிக்டொக்கில் மற்றவர்களின் பாட்டுகளைப் பாடிப் பெயர் வாங்கியவர். லண்டன் பிள்ளைகள் பி.பி.சி.க்கு நேரடியாக அனுப்புவதைவிட, ஒரு மேலாளரிடமோ பதிப்பு நிறுவனத்திடமோ தங்கள் வேலையைக் கொண்டுபோவது பலன் தரும். பிரான்ஸ் முறையை மாற்றிக்கொண்டே இருக்கும் நாடு. 2021இல் தொலைக்காட்சிப் போட்டி வைத்து பார்பரா ப்ராவியைத் தெரிவு செய்தார்கள்; அவர் யூரோவிஷனில் இரண்டாம் இடம் பெற்றார். பின்னர் அந்தப் போட்டியையே கைவிட்டு உள்தெரிவுக்குப் போனார்கள். பாரிஸ்காரர்கள் அறிவிப்புகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டும்.

இத்தாலி தனி. 1951இல் தொடங்கிய சன்ரேமோ விழாவைப் பார்த்துத்தான் யூரோவிஷனே உருவானது. அங்கே வெல்கிறவருக்கு யூரோவிஷனுக்குப் போகும் முதல் உரிமை உண்டு. வேண்டாம் என்றும் சொல்லலாம். 2025இல் ஒல்லி வேண்டாம் என்றார், லூச்சோ கோர்சி போனார்.

இனிப் பாட்டைப் பற்றி. நம் காதுகள் திரைப்பாட்டில் பழகியவை. முன்னிசை, பல்லவி, நீண்ட இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இன்னொரு சரணம் என்று நாலரை நிமிடம் ஓடும் கட்டுமானம் நமக்குள் ஊறியிருக்கிறது. அதை அப்படியே மூன்று நிமிடத்துக்கு வெட்டினால் பாட்டு மூச்சுத் திணறும். தொடக்கத்திலேயே மூன்று நிமிடத்துக்கு என்று யோசியுங்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் பல்லவி ஒருமுறை வந்துவிட வேண்டும். இரண்டாவது இடையிசையை மறந்துவிடுங்கள். கடைசி 40 விநாடிக்கு ஒரு மாற்றம் வையுங்கள்: சுருதி உயரலாம், தாளம் மாறலாம், எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் நிற்கலாம். வாக்களிப்பு நேரத்தில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் சில விநாடித் துண்டை மறுபடி காட்டுவார்கள்; இருபதுக்கு மேற்பட்ட பாட்டுகளைக் கேட்டுக் களைத்தவர் உங்களை அந்தத் துண்டால்தான் நினைவுகூர்வார். பாட்டை முடித்ததும் அப்படி ஒரு 15 விநாடியை வெட்டி எடுத்துப் பாருங்கள். எந்த 15 விநாடி என்று உங்களுக்கே தெரியாவிட்டால் பாட்டு இன்னும் முடியவில்லை.

மொழியில் 1999 முதல் முழுச் சுதந்திரம். தமிழில் பாட எந்தத் தடையும் இல்லை. 1980இல் நோர்வே சாமி மக்களின் யோயிக் குரலை மேடையேற்றியது. 1996இல் பிரான்ஸ் பிரெத்தோன் மொழிப் பாட்டை அனுப்பியது. 2021இல் நெதர்லாந்தின் ஜெயங்கு மக்ரோய் சூரினாமின் ஸ்ரனன் தொங்கோ மொழியைப் பல்லவியில் வைத்தார். 2017இல் சல்வடோர் சொப்ரால் தன் அக்கா லூயிசா எழுதிய போர்த்துக்கீசப் பாட்டை எந்த ஆடம்பரமும் இல்லாமல் பாடி 758 புள்ளிகளோடு வென்றார். 1964 முதல் பங்கெடுத்து வந்த போர்த்துக்கலுக்கு முதல் வெற்றி அது. தமிழ் வரி வைப்பதானால் அது பாட்டின் நடுவில், மக்கள் சேர்ந்து பாடும் இடத்தில் இருக்கட்டும். ஓரத்தில் ஒரு ஆலாபனையும் இரண்டு தமிழ்ச் சொல்லும் தூவி, மிச்சத்தை எல்லாரையும் போல எழுதுவதை நான் விரும்பவில்லை. கேட்பவருக்கும் அது உடனே தெரிந்துவிடும். நோர்வேஜியனில்தான் உங்கள் மனம் திறக்கிறது என்றால் நோர்வேஜியனில் எழுதுங்கள். அதிலும் தவறில்லை.

ஒப்பந்தத்தைப் பெற்றோரும் வாசிக்க வேண்டும். பாட்டு எழுதி முடித்த அன்றே, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லாரும் கையொப்பமிடுங்கள். உறவுக்காரப் பிள்ளைகள் சேர்ந்து எழுதினாலும் இதைத் தவிர்க்காதீர்கள். பணம் வராத காலத்தில் பேசி முடிப்பது எளிது. நோர்வேயில் டோனோ, சுவீடனில் ஸ்டிம், ஜேர்மனியில் கேமா, பிரான்சில் சசெம், பிரித்தானியாவில் பி.ஆர்.எஸ். என்று உங்கள் நாட்டுச் சங்கத்தில் படைப்பைப் பதிவுசெய்யுங்கள். வென்றால் என்ன நடக்கும் என்பதையும் அனுப்பும் முன் கேளுங்கள். மேடை அமைப்புக்கு யார் செலவழிப்பது? எத்தனை வாரம் வேலையை அல்லது படிப்பை விட்டு வர வேண்டும்? வேறு நிகழ்ச்சிகளில் பாட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? 2019இல் உக்ரைனின் தெரிவுப் போட்டியில் மருவ் வென்றார். ஒலிபரப்பு நிறுவனத்தின் ஒப்பந்த நிபந்தனைகளை அவர் ஏற்கவில்லை. கடைசியில் அந்த ஆண்டு உக்ரைனே பங்கெடுக்கவில்லை. 2015இல் ஜேர்மனியில் வென்ற அன்ட்ரியாஸ் கும்மர்ட், நேரலையிலேயே தன்னால் போக முடியாது என்று சொல்லி இடத்தை இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்தச் சுமை தாங்கக்கூடியதா என்ற பேச்சு வீட்டில் முதலிலேயே நடக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையை ஐரோப்பா முழுவதும் ஒரே இரவில் விமர்சிக்கும்.

முதல் முறை தெரிவாகாவிட்டால் நிறுத்திவிடாதீர்கள். ஆபா குழுவினர் 1973இல் சுவீடன் தெரிவுப் போட்டியில் மூன்றாவதாகத்தான் வந்தார்கள். அடுத்த ஆண்டு வேறு பாட்டோடு வந்து பிரைட்டனில் யூரோவிஷனையே வென்றார்கள். லொரீன் 2011இல் சுவீடன் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. 2012இல் யூரோவிஷனை வென்றார். 2017இல் மறுபடி சொந்த நாட்டில் தோற்றார். 2023இல் மறுபடி வென்றார். குரோவேசியாவின் பேபி லசான்யா 2024இல் தேசியப் போட்டிக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர். வேறொருவர் விலகியதால் உள்ளே வந்து, நாட்டை வென்று, மால்மோவில் நடந்த யூரோவிஷனில் மக்கள் வாக்கில் முதலிடமும் மொத்தத்தில் இரண்டாமிடமும் பெற்றார். காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தால் அதை வெற்றியாகவே எண்ணி ஒத்திகையைத் தொடருங்கள்.

சொந்த நாட்டுத் தெரிவுப் போட்டியில் உங்கள் குடும்பம் முழுவதும் வாக்களிக்கலாம். ஆனால் யூரோவிஷனில் தாம் வாழும் நாட்டுக்கு யாரும் வாக்களிக்க முடியாது. பங்கெடுக்காத நாடுகளின் பார்வையாளர்களும் 2023 முதல் இணையவழியே வாக்களிக்கலாம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் உறவினர்களின் வாக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாட்டின் வாக்குக்குச் சமமான எடை பெறுகின்றன.

கடைசியாக, ஐரோப்பாவில் ஆண்டுதோறும் பாட்டுப் போட்டி நடத்தும் தமிழ்ச் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேடைகளில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் மற்றவர்கள் இசையமைத்த திரைப்பாட்டுகளைத்தான் பாடுகிறார்கள். அவர்கள் பாடும் திறமையில் எந்தக் குறையும் இல்லை. வரும் ஆண்டிலிருந்து ஒரு பிரிவைச் சேருங்கள்: பிள்ளைகளே எழுதி மெட்டமைத்த பாட்டு, எந்த மொழியானாலும் சரி, மூன்று நிமிடத்துக்குள். அதைப் படம்பிடித்து வலையில் ஏற்ற வேண்டாம் என்று அறிவியுங்கள். நடுவர்களில் ஒருவராக அந்த நாட்டு இசைத்துறையில் வேலை செய்பவரை அழையுங்கள். பரிசுப் பணத்தில் கோப்பை வாங்குவதற்குப் பதில், வென்ற பிள்ளைக்கு ஒரு நாள் ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். செப்டம்பரில் அனுப்ப அவர்களிடம் ஒரு நல்ல டெமோ இருக்கும்.